முன்னூறு பலகைக்கு அப்பால்

பந்து எங்கள் சோற்றுப் பாத்திரத்திலிருந்து நாலு தப்படி தள்ளி விழுந்தது. மணலில் பாதி புதைந்து, மேல்பக்கம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் எச்சில் கையோடு எழுந்து நின்று கூச்சல் போட்டோம்.

பயத்தில் போட்ட கூச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். சந்தோஷத்தில் போட்டது.

அடைக்கலம் ஓடிப்போய்ப் பந்தைக் கிண்டி எடுத்தான். அது கிடந்த குழியில் ஒரு கல்லை வைத்து, மைதானத்தில் கோடு போடுகிற வெள்ளைப் பெயின்டைத் தொட்டு அதன் தலையில் பூசினான். பிறகு இடுப்பில் கை வைத்து நின்று, தான் வைத்த கல்லைத் தானே மெச்சிக்கொண்டான்.

“மச்சான், பாத்துக்கங்க. அடுத்த கல்லு நம்ம சோத்துச் சட்டிக்குள்ளதான்.”

திருமயத்துச் சுப்பையா அண்ணன் மட்டும் பந்து வந்த திசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. உக்காந்து தின்னுங்கப்பா” என்றார். அதற்கும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தக் கூட்டத்துக்குச் சூப்பர்வைசர் நான்தான்.

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் முதன்முறையாகப் பார்க்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஆலங்குடிப் பக்கத்துக்காரன். வளைகுடா நாடொன்றில், ஒரு கோல்ஃப் கிளப்பின் பயிற்சி மைதானத்தில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். வேலை என்ன பெரிய வேலை? ஆட்டக்காரர்கள் ஒரு பக்கம் மேடையில் நின்று பந்தை அடிப்பார்கள். நாங்கள் மறுகோடியில் அதைப் பொறுக்குவோம். வெயிலில் வெள்ளைக் கோழிமுட்டை பொறுக்குகிற பிழைப்பு என்று என் மனைவி சொல்லுவாள்.

பொன்னமராவதியிலிருந்து ஒரு கடிதம்

மூன்று மாதத்துக்கு முன் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். டிவியில் கோல்ஃப் பார்க்கிற பழக்கமாம். பொன்னமராவதியில் கோல்ஃப் பார்க்கிற ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

“பழைய ஆட்டங்களையும் போடுகிறார்கள், புது ஆட்டங்களையும் போடுகிறார்கள். வருஷம் ஆக ஆக இவர்கள் பந்தை இன்னும் தூரமாக அடிக்கிறார்களே, இது எப்படி? மனிதனின் கை அதே கைதானே? பந்து பொறுக்கியவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?” என்று கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. எனக்குப் பதிலும் தெரியும். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு போனால் கடைசியில் எந்த மரத்தடியில் போய் நிற்பேன் என்பதும் தெரியும். அதனால்தான் ஏஜென்ட் கதை, ரொட்டிக் கதை, ஒட்டகக் கதை என்று இத்தனை வாரம் உங்களை ஊர் சுற்றிக் காட்டினேன். மாஸ்டர் மன்னிக்க வேண்டும்.

அறுத்துப் பார்த்த பந்து

நான் போன புதிதில், மேடையிலிருந்து கேட்கும் சத்தம் ‘டொக்’ என்றிருக்கும். அது மரச் சத்தம். வசதியான பெரியவர்கள் சிலர் அப்போதும் மரத் தலை வைத்த மட்டையை விடாமல் வைத்திருந்தார்கள். என் கைமுட்டி அளவுதான் அந்தத் தலை.

அப்போதைய பந்து ஒன்றைக் கத்தியால் அறுத்துப் பார்த்தேன். தோலுக்குள் முழுக்க ரப்பர் நூல். நூல்கண்டு மாதிரி இழுத்து இழுத்துச் சுற்றியிருந்தார்கள். வெட்டுப்பட்டதும் நூல் ஒவ்வொன்றாகத் தெறித்து, என் உள்ளங்கையில் பந்து நெளிந்தது. பயந்து கீழே போட்டுவிட்டேன்.

அந்தப் பந்தைப் பலமாக அடித்தால் காற்றிலேயே கிறுகிறுவென்று சுழன்று மேலே ஏறும். ஏறி, களைத்து, இருநூற்றைம்பது கெஜத்துப் பலகைக்குப் பக்கத்தில் விழும். பலகைகள் நூறு, நூற்றைம்பது என்று வரிசையாக நிற்கும். கடைசிப் பலகை முன்னூறு. அதை அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

பிறகு எல்லாம் மாறியது. மட்டையின் தலை உலோகமானது. உள்ளே வெற்றிடம், முன்பக்கம் தகடு. ஒவ்வொரு சீசனுக்கும் பெரிதாகிக்கொண்டே போய், ஒரு நாள் பார்த்தால் சின்னத் தேங்காய் அளவுக்கு வந்து நிற்கிறது. அந்தத் தகடு பந்தை வாங்கி உதைக்கிறது. தண்டு எடை குறைந்தது, நீளம் கூடியது. சத்தம் ‘டங்’ என்று ஆனது. அந்தச் சத்தம் முன்னூறு பலகைக்கு அப்பாலும் தெளிவாகக் கேட்கும்.

பந்தும் மாறியது. புதுப் பந்தை அறுத்தால் நூல் கிடையாது. கெட்டி ரப்பர், அதற்கு மேல் ஒரு சுற்று, அதற்கு மேல் இன்னொரு சுற்று. பெரிய மட்டையால் அடித்தால் அது அதிகம் சுழலாது. காற்றில் மல்லுக்கட்டாமல் நேராகப் போய்க்கொண்டே இருக்கும்.

மாஸ்டர் கேட்டாரே, கை அதே கைதானே என்று. கையும் மாறிவிட்டது ஐயா. முன்பு வந்தவர்கள் தொந்தியும் சிகரெட்டுமாக வந்தார்கள். பின்னால் வந்த ஆட்கள் ஆட்டத்துக்கு முன் ஒரு மணி நேரம் எடை தூக்கினார்கள். உயரமும் தோளும் வேறு மாதிரி. சின்ன வயதிலிருந்தே ‘முதலில் தூரமாக அடி, நேராக அடிப்பதைப் பிறகு பார்க்கலாம்’ என்று பழக்கி வளர்த்தவர்கள். பக்கத்தில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். எந்தக் கோணத்தில் கிளம்பியது, எவ்வளவு சுழன்றது என்று ஒவ்வோர் அடிக்கும் அது சொல்லிவிடும். பார்த்துத் திருத்தித் திருத்தி அடிப்பார்கள். போதாததற்குப் புல்லையும் ஒட்ட வெட்டி, தரையைக் கெட்டியாக்கி வைத்தோம். விழுந்த பந்து உருண்டு இன்னும் தூரம் போனது.

ஒன்று மட்டும் மாறியிருந்தால் எங்களுக்கு உறைத்திருக்கும். எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்றின் தோளில் ஒன்று ஏறிக்கொண்டு மாறின. அதனால் எந்த வருஷத்திலும் எதுவும் புதிதாகத் தெரியவில்லை.

கண்மாய்க் கல்

அடைக்கலத்துக்குத் தெரிந்திருந்தது. அவன்தான் கல் வைக்க ஆரம்பித்தவன்.

அவன் ஆலங்குடிக்குத் தெற்கே, கண்மாய்க்கரையை ஒட்டிய வீட்டுக்காரன். எனக்கு ஆறு வயது இளையவன். அவன் மனைவி இந்திராணி எனக்குத் தங்கை முறை. ஆகவே நான் அவனுக்கு மச்சான், அவன் எனக்கு மாப்ள. விசா எடுத்துக் கூட்டிப் போனதும் நான்தான்.

அவர்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஐப்பசியில் கண்மாய் நிரம்பும்போது, சாயங்காலம் தண்ணீர் நிற்கிற ஓரத்தில் ஒரு கல்லை வைப்பார்கள். காலையில் போய்ப் பார்ப்பார்கள். கல் முழுகியிருந்தால் தண்ணீர் ஏறுகிறது. அதற்கு மேலே இன்னொரு கல். கல் வீட்டுப் பக்கம் வர வர, பள்ளத்து வீட்டுக்காரர்கள் ஆட்டை அவிழ்த்து மேட்டில் கட்டுவார்கள், விதைக்கடலை மூட்டையைத் தூக்கி வைப்பார்கள்.

அந்தப் பழக்கத்தை அவன் மணல் காட்டுக்குக் கொண்டு வந்தான். எந்தப் பந்து இதுவரை விழாத தூரத்தில் விழுகிறதோ, அங்கே ஒரு வெள்ளைக் கல். முதல் கல் இருநூற்றைம்பது பலகையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில். அடுத்தடுத்த வருஷம் ஒன்று, சில வருஷம் இரண்டு. முன்னூறு பலகையை ஒரு பந்து தொட்ட அன்று எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். புதுக் கல் எந்த மாதம் விழும் என்று பந்தயம் கட்டுவோம். தோற்றவர் டீ வாங்க வேண்டும்.

வருஷக்கணக்காக அந்தக் கற்கள் எங்களைப் பார்த்து வரிசையாக நடந்து வந்தன. கல் வைக்கத் தெரிந்த எங்களுக்கு ஆட்டை அவிழ்க்கத் தெரியாமல் போய்விட்டது.

நிழல்

எங்களுக்கு என்று இல்லை. எனக்கு.

முன்னூறு பலகைக்குக் கொஞ்சம் பின்னால் எட்டுச் சிவப்புக் கொடிகள், இரும்புக் கம்பியில், வரிசையாக நட்டிருக்கும். மேடையில் ஆள் அடித்துக்கொண்டிருக்கும்போது கொடியைத் தாண்டி மேடைப் பக்கம் யாரும் போகக் கூடாது. கொடிக்குப் பின்னால் இருக்கிற இடம் பத்திரமான இடம். கொடியிலிருந்து பத்துத் தப்படியில் அந்த மரம். அந்தக் கோடியில் இருந்த ஒரே மரம்.

கொடி எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது என் பொறுப்பு. போட்டி வாரம் என்றால் தினமும் காலையில் ஒரு படிவம் வரும். பாதுகாப்புக் கோட்டைச் சோதித்தீர்களா என்று கேட்டிருக்கும். சோதித்தேன் என்று குறி போட்டுக் கையெழுத்து வைப்பேன்.

சோதித்தால் என்ன ஆகும்? கற்களைப் பார்த்தாலே தெரியும், கொடி பின்னால் போக வேண்டும். கொடி பின்னால் போனால் மரம் ஆபத்தான பக்கத்துக்குப் போய்விடும். அப்புறம் சோறு தின்ன, அரை மைல் நடந்து தகரக் கொட்டகைக்குப் போக வேண்டும். அரை மணி நேர இடைவேளையில் அது முடியாது. நிழல் போய்விடும். ஆட்கள் என்னைத் திட்டுவார்கள்.

நல்ல பெயர் வேண்டும் என்று இருந்தேன், அவ்வளவுதான். “நம்ம ஊரு சூப்பர்வைசர், நிழலைப் பிடுங்க மாட்டாரு” என்று சுப்பையா அண்ணனே ஒரு தடவை சொன்னார். அது எனக்கு இனித்தது.

ஏழு எண்ணுவதற்குள்

முதலில் சொன்ன அந்தப் பந்து, கொடியைத் தாண்டி விழுந்த முதல் பந்து. தொழில்முறை ஆட்டக்காரர்கள் வந்து பயிற்சி எடுக்கிற போட்டி வாரம் அது. மேடைப் பக்கத்திலிருந்து எங்கள் பக்கமாகக் காற்று அடிக்கிற மாதம். எனக்கு அதற்குப் பிறகு மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் காலையில் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் அதே மரத்தடி. அடைக்கலத்துக்குத் தக்காளிச் சோறு. நேபாளத்துக்காரர் இரண்டு பேரும் ஊறுகாய் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். சுப்பையா அண்ணன் தண்ணீர் எடுக்க எழுந்தார். இந்திராணியிடமிருந்து போன் வந்தது.

தினமும் அந்த நேரத்துக்கு வரும். எச்சில் படாத இடது கையால் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். “ம், சாப்புட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... நீ சாப்ட்டியா?” என்றான்.

மேடையில் ‘டங்’ என்று கேட்டது.

சத்தம் முதலில் வந்துவிடும், பந்து பிறகுதான் வரும். ஏழு எண்ணுகிற நேரம் கையில் இருக்கும். அந்த ஏழுக்குள் தலையைத் தூக்கிப் பார்க்கலாம், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கலாம். ஒரு நாளைக்கு ஆயிரம் ‘டங்’ கேட்கிறவர்கள் நாங்கள். யாரும் தலையைத் தூக்கவில்லை. என் காதில் போன் இல்லை. எனக்கு நன்றாகவே கேட்டது. ஊறுகாய்ப் பாட்டிலின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பந்து அவன் வலது பொட்டில் பட்டது. சத்தம் பெரிதாக இல்லை. அவன் உட்கார்ந்த இடத்திலேயே, காலை மடக்கியபடியே, பக்கவாட்டில் சாய்ந்தான். தூங்கி விழுகிறவன் மாதிரிதான் இருந்தது. சோறு மடியில் கொட்டியது. மணலில் கிடந்த போனிலிருந்து இந்திராணியின் குரல் வந்துகொண்டே இருந்தது. “என்னங்க... லைன்ல இருக்கீங்களா... என்னங்க...”

நான்தான் அதை எடுத்து அணைத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

எட்டுக் கொடிகள்

ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. மேனேஜருக்குப் போன் செய்தேன்.  அவர், “கொடி எங்கே நிற்கிறது என்று பார்” என்றார். வைத்துவிட்டார்.

நகர்த்து என்று அவர் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக மனதுக்குள் அவர் மேல் பழி போட்டுப் பார்த்திருக்கிறேன், ஒட்டவில்லை. பார் என்றுதான் சொன்னார்.

சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட கோட்டுக்குப் பின்னால் ஆள் செத்தால், சூப்பர்வைசர் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் இரண்டு பையன்களும் அப்போது காலேஜில். நான் எட்டுக் கொடியையும் பிடுங்கினேன். மரத்தைத் தாண்டி, பின்பக்கமாக இருபது தப்படி கொண்டுபோய், வரிசை பிசகாமல் நட்டேன். பழைய குழிகளைக் காலால் மூடினேன். அந்த எட்டுக் குழியின் மணலும் சுட்டது இன்னும் உள்ளங்காலில் இருக்கிறது.

இப்போது மரம் ஆபத்தான பக்கத்தில். அடைக்கலம், எச்சரிக்கையை மீறிக் கோட்டுக்கு உள்ளே போனவன்.

சுப்பையா அண்ணன் அடைக்கலத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.  தன் சட்டையைக் கழற்றி அவன் முகத்தை மூடினார். அடுத்த லீவில் ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

விசாரணைக்கு வந்தவர்களிடம் நான்தான் எல்லாருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். “இறந்தவர் போனில் பேசிக்கொண்டே எழுந்து, கவனக்குறைவாகக் கோட்டைத் தாண்டி நடந்துவிட்டார்.” எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அந்த மதியம் சோறும் அங்கேயே கிடந்தது.

வெள்ளைக் கற்கள் மரம் வரைக்கும் வரிசையாக நின்றன. அவை என்னவென்று வந்தவர்கள் யாரும் கேட்கவில்லை.

“விதிம்மா”

உடல் திருச்சியில் இறங்கி, புதுக்கோட்டை வழியாக வேனில் ஊருக்குப் போனது. நான் நாலு மாதம் கழித்து லீவில் வந்தபோது துக்கம் கேட்கப் போனேன். இந்திராணி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அண்ணே, நான் கூப்புடாம இருந்திருந்தா அவுக எந்திரிச்சு நடந்திருக்க மாட்டாகள்ல?”

எழுந்து நடக்கவே இல்லை அம்மா, என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. “விதிம்மா” என்றேன்.

அந்த ஒரு சொல் பன்னிரண்டு வருஷம் அவளைத் தின்றது. சோத்து நேரத்தில் போன் போட்டுப் புருஷனைக் கொன்றவள் என்று ஊரில் பேச்சானது. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை, மாமியாரைத் தவிர. அந்த அம்மாள் கண் மூடுகிற வரை மருமகள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

இந்திராணியிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. அவள் யாரையும் ‘சாப்ட்டீங்களா’ என்று கேட்பதில்லை. நம்மூரில் பகையாளியைக் கண்டாலும் வாயில் வந்துவிடுகிற வார்த்தை அது. விருந்தாளி வந்தால் பேசாமல் தட்டை எடுத்து வைப்பாள். பெற்ற மகளைக்கூடக் கேட்டதில்லை என்று என் மனைவி வந்து சொன்னபோது, நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன்.

முந்திரிக் கொட்டகையில்

மாஸ்டரின் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மரம், உலோகம், ரப்பர் நூல் வரைக்கும் தங்குதடையில்லாமல் வந்தது. கல் வந்ததும் பேனா நின்றுவிட்டது. எத்தனையோ முறை கிழித்துப் போட்டு எழுதியாயிற்று. கடைசியில் ஒரு நாள் காலை ஆலங்குடி பஸ் ஏறினேன்.

இந்திராணி ஒரு கொட்டகையில் வறுத்த முந்திரி உடைக்கிற வேலைக்குப் போகிறாள். கைகளில் சாம்பல் பூசியிருந்தாள். ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. கொட்டையைக் கல்லில் நிறுத்தி, கட்டையால் ஒரு தட்டு. ‘டொக்.’ நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“வாங்கண்ணே. இம்புட்டுத் தூரம் வந்துருக்கீங்க. அங்கிட்டு உக்காருங்க, புகையடிக்கும்.”

“இந்திராணி, ஒரு விசயம் சொல்லணும். மாப்ள எந்திரிக்கல.”

அவளுக்குப் புரியவில்லை. நான் மடமடவென்று சொல்லிவிட்டேன். கொடி, மரம், படிவம், கையெழுத்து, பிடுங்கி நட்டது. கட்டை அவள் கையிலேயே நின்றது.

“நில்லுங்க. எங்க ஒக்காந்துருந்தாகளோ அங்கேயே இருந்தாகளா?”

“ஆமா. மரத்தடியில. கொடிக்குப் பின்னாடி. இருக்க வேண்டிய எடத்துலதான் இருந்தாரு. கொடியத்தான் நான் மாத்துனேன்.”

“எத்தனை தப்படி?”

சொன்னேன்.

“போன் காதுல இருந்துச்சே. சத்தம் கேக்காமப் போயிருக்கும்ல?”

“எங்காதுல போன் இல்லம்மா. எனக்குக் கேட்டுச்சு. நானே நிமிரல. நீ கூப்புட்டதுனால இல்ல.”

 பக்கத்தில் உடைத்துக்கொண்டிருந்த பெண்களும் கட்டையை நிறுத்திவிட்டார்கள்.

“சாப்டுருந்தாகளா?” என்று கேட்டாள்.

வயிறாரச் சாப்பிட்டார் என்று சொல்லத்தான் மனம் ஏங்கியது. “ரெண்டு வாயிம்மா” என்றேன்.

அப்போதுதான் அழுதாள். சாம்பல் கையை முகத்தில் வைக்க முடியாமல் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

“பன்னெண்டு வருசம்ணே. எம் மாமியா எங்கையில தண்ணி வாங்காமயே போய்ச் சேந்துச்சு. அதுக்கிட்ட இனிமே யாரு போய்ச் சொல்லுவா? நீங்க சொல்லுவீங்களா?”

நான் கிளம்ப எழுந்தேன்.

“எங்கிட்ட சொல்லிட்டா முடிஞ்சு போச்சுன்னு பஸ் ஏறாதீங்க. ஊருக்குச் சொல்லுங்க. வாராவாரம் எழுதுறீங்கள்ல, அதுல எழுதுங்க. எம் பேரு, அவுக பேரு, ஒங்க பேரு எல்லாம் போட்டு எழுதுங்க. எழுதிட்டு எனக்குப் படிச்சுக் காட்டிட்டு அனுப்புங்க.”

படித்துக் காட்டியது

எழுதினேன். என் பேரைப் பத்திரிகையே வாராவாரம் போடுகிறது. என் மனைவி படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பெரியவன், “இத இப்பச் சொல்லி யாருக்குப்பா என்ன ஆகப்போகுது?” என்று கேட்டான். யாருக்கு ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. இந்திராணியின் மாமியாரை அவன் பார்த்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இந்திராணி வீட்டில் உட்கார்ந்து இந்த அத்தியாயத்தை வாசித்தேன். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டாள். கண்மாய்க் கல் வந்தபோது ஒரு முறை தலையாட்டினாள். மரத்தடியில் பந்து விழுந்து நாங்கள் கூச்சல் போட்ட இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னாள்.

நடுவில் அவளுக்குப் போன் வந்தது. திருச்சியில் வேலை பார்க்கிற மகள். மதிய நேரம். “ம்... ம்... அண்ணன் வந்துருக்காக, அப்பறம் பேசுறேன்” என்று சொல்லி வைத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. நான் கவனித்ததை அவளும் கவனித்தாள்.

“படிங்க” என்றாள்.

எட்டுக் கொடிகளைப் படித்தேன். மரத்தைத் தாண்டி, பின்பக்கமாக இருபது தப்படி கொண்டுபோய், என்று வாசித்ததும் கண்ணைத் திறந்தாள்.

“அன்னைக்குக் கொட்டகையில வேற சொன்னீங்க.”

நான் தாளைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். இருபது என்றுதான் இருந்தது. எழுதும்போது எப்போது மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று நினைவில்லை என்று சொல்லலாம். நினைவிருக்கிறது. இருபது தப்படி என்றால், பதற்றத்தில் ஒருவன் செய்த தவறு மாதிரி இருக்கிறது. மரம் புதுக் கோட்டுக்குச் சற்று உள்ளே விழும். அடைக்கலம் தெரியாமல் கொஞ்சம் தாண்டிவிட்டான் என்று ஆகும். நான் அன்றைக்குக் கொண்டுபோன தூரத்துக்கு, அவன் புத்தி கெட்டு ஆபத்தின் நடுவிலே போய் உட்கார்ந்தவன் என்று ஆனது. அவனைப் பற்றி ஊர் பேசியதும் அப்படித்தான்.

“அடிச்சுட்டு மாத்தி எழுதட்டுமா?” என்று கேட்டேன்.

“வேணாம். அது அப்புடியே கெடக்கட்டும். நீங்க எழுதுனதுதான அது. சரியான கணக்கக் கடைசில எழுதுங்க. எல்லாரும் பாக்கட்டும்.”

எழுதுகிறேன். அடைக்கலம் கோட்டைத் தாண்டவில்லை. இந்திராணி கூப்பிட்டதால் அவன் சாகவில்லை. எட்டுக் கொடியையும் என் இரண்டு கையால் பிடுங்கி, அவனைத் தாண்டி, நான் எண்ணிக்கொண்டே நடந்தது நாற்பது தப்படி.